பெஞ்ச்மார்க் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு மலைப்பாதையில் இரண்டு புதியவர்களைப் பார்த்தேன். பாறையில் பதித்திருந்த வெண்கலத் தட்டின் முன் மண்டியிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கிடைத்துவிட்டது" என்றார் அவர்களில் ஒருவர், முகமெல்லாம் சிரிப்பாக. குனிந்து தட்டைப் பார்த்தேன். அதன் நடுவில் ஓர் அம்பு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஓர் அம்பின் முன்தான் மண்டியிட்டு, "கிடைத்துவிட்டது" என்று எழுதி அனுப்பினேன். அந்தத் தவறுக்கு இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

முதலில் இரண்டு வரி அறிமுகம். அமெரிக்கக் கடலோரத்தை அளக்க 1807இல் தொடங்கப்பட்ட பணிதான் வளர்ந்து, பெயர் மாறி, இன்று நேஷனல் ஜியோடெடிக் சர்வே, சுருக்கமாக என்.ஜி.எஸ்., என்று நிற்கிறது. நாடு முழுவதும் பாறையிலும் பாலத்திலும் கான்கிரீட் தூணிலும் நில அளவையாளர்கள் பதித்த குறிகளின் (இவற்றைப் பொதுவாகப் பெஞ்ச்மார்க் என்கிறோம்) விவரங்களை அது தரவுத்தாள்களாகப் பாதுகாக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குறியைத் தேடிப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. ஜி.பி.எஸ். கொண்டு ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டான ஜியோகேச்சிங்கின் தளம், ஜியோகேச்சிங் டாட் காம், தன் பெஞ்ச்மார்க் பிரிவை 2023 தொடக்கத்தில் மூடிவிட்டது. ஆனால் குறிகள் இடம்பெயரவில்லை, தரவுத்தாள்களும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. புதியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், பேட்டரியைப் பாருங்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

எல்லா ஆயத்தொலைவுகளும் ஒன்று என்று எண்ணுவது

தரவுத்தாளில் அகலாங்கு, நெட்டாங்குக்கு அருகே ஒரு சொல் இருக்கும்: பெரும்பாலும் "அட்ஜஸ்டட்" அல்லது "ஸ்கேல்ட்". புதியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அட்ஜஸ்டட் என்றால் அந்த இடம் கருவி வைத்து அளக்கப்பட்டது. உங்கள் கைப்பேசியைவிடப் பல மடங்கு துல்லியமானது. ஸ்கேல்ட் என்றால் யாரோ ஒருவர் வரைபடத்தில் புள்ளி வைத்து, அளவுகோலால் படித்தது. அதன் பிழை இரு பக்கமும் 6 விநாடி (நேரமல்ல, கோண அளவு: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விநாடி) என்று தாளே சொல்லும். தரையில் அது ஏறக்குறைய 180 மீட்டர்.

இது யாருடைய கவனக்குறைவாலும் நேர்ந்ததில்லை. கண்டிப்பாகச் சொன்னால் பெஞ்ச்மார்க் என்ற பெயருக்கு உரியவை உயரம் அறிவதற்கான குறிகள் மட்டுமே. மட்டம் பார்த்துக்கொண்டு போன குழுவினருக்கு உயரம் மில்லிமீட்டர் சுத்தமாகத் தேவைப்பட்டது. அகலாங்கும் நெட்டாங்கும் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. எந்தப் பாலம், எந்த மூலை என்று எழுதிவைத்தார்கள், அது போதுமாக இருந்தது. ஆகவே ஸ்கேல்ட் குறியைத் தேடும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு விவரிப்பைப் படியுங்கள். "பாலத்தின் தென்கிழக்கு முனைச் சுவரின் மேல்" என்று தெளிவாக எழுதியிருந்தும், திரையில் தெரிந்த புள்ளியை நம்பி ஓடையின் மறுகரைப் புதரில் இரண்டு மணி நேரம் நின்றவன் நான்.

விநாடியைத் தசமமாகப் படிப்பது

தரவுத்தாள் பாகை, கலை, விநாடி என்று எழுதும். ஜியோகேச்சிங் பழகியவர்களின் கை பாகை, தசமக் கலை என்றே தட்டச்சு செய்யும். 30 கலை 45.6 விநாடியை 30.456 என்று போட்டால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போவீர்கள். சரியான எண் 30.760.

துணைக்குறியை நிலையமாக எடுத்துக்கொள்வது

மற்ற தவறுகள் எல்லாம் உங்கள் நேரத்தை மட்டுமே தின்னும். இது அடுத்தவர் நேரத்தையும் தின்னும். அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம்.

முக்கோண அளவைக்காக, அதாவது ஓரிடத்திலிருந்து மற்ற இடங்களை நோக்கிக் கோணம் அளந்து அவற்றின் இடத்தைக் கணிப்பதற்காக, மலைமுகடுகளில் ஒரு நிலையம் அமைத்தபோது, அளவையாளர்கள் ஒரு தட்டோடு நிறுத்தவில்லை. நடுவில் நிலையத் தட்டு, அதில் சிறு முக்கோணம். அதைச் சுற்றிச் சில மீட்டர் முதல் முப்பது மீட்டர் வரையிலான தொலைவில் இரண்டோ மூன்றோ துணைக்குறிகள், அவற்றில் நிலையத்தை நோக்கிய அம்பு. பல நிலையங்களுக்கு இன்னும் தொலைவில், பெரும்பாலும் கால் மைலுக்கும் அப்பால், ஒரு திசைக்குறியும் உண்டு. அதிலும் அம்புதான். நிலையத் தட்டு மண்ணில் புதைந்தாலும் அழிந்தாலும் துணைக்குறிகளிலிருந்து அளந்து அந்த இடத்தை மீண்டும் பிடிக்கலாம். துணைக்குறி இருப்பதே அதற்காகத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிலையத்தின் தட்டு பல இடங்களில் தரை மட்டத்திலோ அதற்குக் கீழேயோ கிடக்கும். இலைச்சருகும் மண்ணும் மூடிவிடும். துணைக்குறிக்கோ பாறைமுகம் கிடைத்திருக்கும். அதனால் தேடிப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது துணைக்குறிதான். அதில் நிலையத்தின் பெயரே பொறித்திருக்கும், ஆண்டும் அதே ஆண்டாக இருக்கும். பெயரோடு சேர்ந்து நிற்கும் 1, 2 என்ற எண்ணை ஆர்வத்தில் யார் கவனிக்கிறார்கள்?

கைப்பேசி பன்னிரண்டு மீட்டர் தள்ளிக் காட்டுகிறதே என்ற கேள்வி எழும்போது, "மரங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். அப்படித்தான் காட்டும்" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பென்சில்வேனியாவில் ஒரு முகடு, 1934இல் அமைத்த நிலையம். தட்டைக் கண்டேன், படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்ததும் "நல்ல நிலையில் இருக்கிறது" என்று என்.ஜி.எஸ்.ஸுக்கு அறிக்கை அனுப்பினேன். அது தரவுத்தாளில் ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நில அளவையாளர் என்னைத் தொடர்புகொண்டார். அவருடைய குழு அந்த நிலையத்தை நம்பி ஒரு நாள் வேலையைத் திட்டமிட்டிருந்தது. தரவுத்தாளில் கடைசியாக இருந்தது என் அறிக்கை, அதுவும் நல்ல நிலை என்ற அறிக்கை. கருவிகளைச் சுமந்துகொண்டு முகட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். அங்கே நிலையத் தட்டு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோபுரத்தின் கான்கிரீட் அடித்தளம் இருந்தது. நான் போவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் பார்த்த தட்டில் அம்பு எந்தப் பக்கம் காட்டியது?" என் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கான்கிரீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

திருத்த அறிக்கை அனுப்பினேன். ஆனால் தரவுத்தாளில் பழைய வரி அழிக்கப்படுவதில்லை, புதிய வரி அதன் கீழே சேரும். நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் அறிக்கைகள் பெரும்பாலும் ஆளின் முழுப்பெயரால் வருவதுமில்லை, "ஜியோகேச்சிங்" போன்ற பொதுப்பெயரில் வருகின்றன. ஆக, என் தவறு நம் எல்லோர் பெயரிலும் நிற்கிறது. தொழில்முறை அளவையாளர் ஒருவர் அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்பலாமா என்று தயங்கினால், அந்தத் தயக்கத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சரி, எப்படித் தவிர்ப்பது? தட்டில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கும். ஒன்று வார்ப்பிலேயே வந்தது: எந்தத் துறை, எந்த வகைக் குறி என்பது. இன்னொன்று களத்தில் எழுத்து அச்சுகளைச் சுத்தியலால் அடித்து ஒவ்வோர் எழுத்தாகக் குத்தியது: பெயர், எண், ஆண்டு. இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். தரவுத்தாளில் உள்ள பொறிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நடுவில் முக்கோணமா, அம்பா என்று பாருங்கள். அம்பு என்றால் தேடல் அங்கேதான் தொடங்குகிறது. அட்ஜஸ்டட் குறியிலிருந்து கைப்பேசி ஐந்தாறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டினால், கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் தட்டைச் சந்தேகியுங்கள்.

அம்பின் வழியே அளப்பதிலும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. தரவுத்தாளின் சிறு அட்டவணையில் துணைக்குறிகளின் தொலைவும் திசைக்கோணமும் இருக்கும். அந்தக் கோணம் நிலையத்திலிருந்து துணைக்குறியை நோக்கியது. நீங்கள் நிற்பது துணைக்குறியில். எனவே 180 பாகை கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அடுத்து, அது உண்மை வடக்கை வைத்துச் சொன்ன கோணம், உங்கள் திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. மெய்ன் மாநிலத்தில் அந்த வேறுபாடு மேற்கே சுமார் 15 பாகை, வாஷிங்டன் மாநிலத்தில் கிழக்கே ஏறக்குறைய அதே அளவு. முப்பது மீட்டர் அளந்து போகும்போது 15 பாகை தவறினால் கிட்டத்தட்ட எட்டு மீட்டர் தள்ளி நிற்பீர்கள். இரண்டு துணைக்குறிகள் கிடைத்தால் திசைகாட்டியே வேண்டாம். இரண்டு அளவுநாடாக்களை அவற்றின் தொலைவுகளுக்கு இழுத்து, அவை சந்திக்கும் இடத்தில் தேடுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு சந்திப்பு வரும். எது சரி என்பதை அம்புகள் சொல்லிவிடும்.

அந்த மலைப்பாதை இளைஞர்களிடம் என் நாடாவின் ஒரு முனையைக் கொடுத்தேன். 14 மீட்டரைத் தாண்டியதும் இரண்டு கை சருகை ஒதுக்கினோம். முக்கோணம் இருந்தது. "கிடைத்துவிட்டது" என்ற அந்தப் பையன் தன் அறிக்கையை இன்னும் அனுப்பியிருக்கவில்லை.

ரீசெட்

தட்டில் "ரீசெட்" என்றும் ஓர் ஆண்டும் குத்தியிருந்தால் அது பழைய குறிக்கு மாற்றாக வைத்த வேறு குறி, வேறு அடையாள எண். அதைக் கண்டதால் பழையது கிடைத்ததாக ஆகாது. பெரும்பாலும் பழையது போய்விட்டது என்றுதான் பொருள்.

ஊரில் தண்ணீர்த்தொட்டி இருந்தால் போதும் என்று நினைப்பது

தட்டே இல்லாத குறிகளும் உண்டு. தேவாலயக் கூம்பு, புகைபோக்கி, கலங்கரை விளக்கம், தண்ணீர்த்தொட்டி போன்றவற்றைத் தொலைவிலிருந்து பல நிலையங்கள் வழியே நோக்கி இடம் கணித்தார்கள். தேட எளிது என்பதால் புதியவர்கள் இவற்றில்தான் எண்ணிக்கையைச் சேர்க்கிறார்கள். 1935இல் நோக்கிய தொட்டி இன்று நிற்பதுதானா என்று கேட்க வேண்டும். பழையதை இடித்துப் பக்கத்திலேயே புதியது கட்டுவது வழக்கம், ஏனென்றால் நிலமும் குழாயும் அங்கே இருக்கின்றன. தீப்பிடித்த தேவாலயத்துக்குப் புதுக் கூம்பு வைத்திருப்பார்கள். இந்தக் குறிகளின் இடம் அளந்து கணித்தது என்பதால் வான்படத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: தொட்டியின் நடு அந்தப் புள்ளியில் விழ வேண்டும். இருபது மீட்டர் தள்ளி விழுந்தால் அது வேறு தொட்டி. கட்டிய ஆண்டைப் பொறித்த பலகை பல தொட்டிகளின் காலில் இருக்கும், வேலிக்கு வெளியிலிருந்தே படித்துவிடலாம்.

சாலை நகராது என்று நம்புவது

"சாலையின் மையக்கோட்டிலிருந்து 38 அடி" என்று ஒரு பழைய விவரிப்பு சொல்லும். அந்தச் சாலையை ஒரு பக்கமாக அகலப்படுத்தியிருந்தால் மையக்கோடு நகர்ந்துவிட்டது. மின்கம்பங்கள் மாறியிருக்கும், வேலி போயிருக்கும், ரயில் தடமே நடைபாதையாகியிருக்கும். மதகு, கல் கட்டடம், பாறை என்று நகராதவற்றை விவரிப்பில் தேடிப்பிடித்து அவற்றிலிருந்து அளவிடுங்கள்.

தண்டவாளத்தில் நடப்பது

அது தனியார் நிலம், ரயிலும் வரும். போகாதீர்கள்.

தட்டைத் தேய்த்து மினுக்குவது

மென்மையான தூரிகையும் தண்ணீரும் மட்டும். கம்பித் தூரிகை குத்திய எழுத்துகளைக் கொல்லும். பல தட்டுகளிலேயே எச்சரிக்கை வார்த்திருக்கிறது: குறியைக் குலைத்தால் 250 டாலர் அபராதம் அல்லது சிறை.

"அழிந்துவிட்டது" என்று எழுதுவது

கிடைக்கவில்லை என்பது வேறு, அழிந்தது என்பது வேறு. பெயர்ந்து கிடக்கும் தட்டை நீங்கள் கண்ணால் பார்த்துப் படமும் எடுத்திருந்தால் ஒழிய அழிந்தது என்று எழுதாதீர்கள். என்.ஜி.எஸ். அதற்குச் சான்று கேட்கும், கேட்பதுதான் நியாயம். தேடிக் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று எழுதி, எவ்வளவு நேரம் தேடினீர்கள், விவரிப்பில் சொன்னவற்றில் எவை இன்னும் இருக்கின்றன, எவை போய்விட்டன என்று சேர்த்து எழுதுங்கள். "பாலம் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது, பழைய சுவரின் தடமே இல்லை" என்ற ஒரு வரி அடுத்து வருகிறவருக்கு அரை நாளை மிச்சப்படுத்தும்.

ஒரே ஒரு படத்தோடு திரும்புவது

மூன்று எடுங்கள். முதலில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி தட்டின் அருகாமைப் படம். வெயில் உச்சியில் இருக்கும்போது குத்திய எழுத்துகள் தட்டையாகிவிடும், உங்கள் நிழலில் தட்டை வைத்து ஒரு பக்கமிருந்து கைவிளக்கு அடித்தால் ஒவ்வோர் எழுத்தும் எழுந்து நிற்கும். பிறகு நின்ற உயரத்திலிருந்து, தட்டும் அது பதிந்த பாறையோ தூணோ முழுதாகத் தெரியும்படி ஒன்று. கடைசியாகச் சற்றுத் தள்ளி நின்று, சுற்றுப்புறத்தில் குறி எங்கே இருக்கிறது என்று காட்டும் படம். அதில் எந்தத் திசையை நோக்கி எடுத்தீர்கள் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் நினைவிலிருந்து எழுதினால் வடக்கும் கிழக்கும் இடம் மாறிவிடும்.