சொன்னது யார் என்று பாருங்கள்: வேதபாடம் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வந்தால் ஒவ்வொரு சேகரத்திலும் (ஒரு போதகரின் கீழ் இருக்கும் சபைகளில்) புதிதாக நாலைந்து பேர் வீட்டுக் கூட்டத்தில் வேதபாடம் எடுக்க முன்வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் எடுத்தவர்கள் எங்கே இடறினார்களோ அங்கேயே இவர்களும் இடறுகிறார்கள். ஆயத்தமில்லாமல் வருவது, பாட்டிலேயே முக்கால் மணி நேரம் போவது, நடுவில் போனை நோண்டுவது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடத்துகிறவருக்கே தவறென்று படாதவை சில இருக்கின்றன. அவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

பேசுகிறவர் யாரென்று பார்க்காமல் வசனம் எடுப்பது

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத், திசையன்விளை வரைக்கும் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே பிரேம் போட்டு ஒரு வசனம் தொங்கும்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கீழே யோபு 8:7 என்று இருக்கும். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் புதுமனை ஜெபத்திலும் இதே வசனம்தான். கர்த்தர் கொடுத்த வாக்கு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். இதைக் கர்த்தர் சொல்லவில்லை. யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று சிநேகிதரில் ஒருவன், சூகியனான பில்தாத் சொன்னான்.

எந்தச் சூழ்நிலையில் சொன்னான் என்று பாருங்கள். யோபுவின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் செத்துப்போனார்கள். உடம்பெல்லாம் பரு, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் பில்தாத் நாலாம் வசனத்தில் பிள்ளைகளின் பாவத்தைப் பற்றிப் பேசுகிறான்; அந்தப் பாவத்துக்குத்தான் தேவன் அவர்களைத் தண்டித்திருப்பார் என்பது அவன் எண்ணம். ஐந்தும் ஆறும் நிபந்தனைகள்: நீர் தேவனைத் தேடினால், நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தால். அந்த நிபந்தனைகளின் வால்தான் ஏழாம் வசனம். இப்போது நீர் சுத்தமாக இல்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. நாம் வாலை மட்டும் நறுக்கிப் பிரேம் போட்டுவிட்டோம்.

யோபு உத்தமனும் சன்மார்க்கனுமாய் இருந்தான் என்று புத்தகத்தின் முதல் வசனமே சொல்லுகிறது. கடைசி அதிகாரத்தில், 42:7-இல், கர்த்தர் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசைக் கூப்பிட்டு, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபப்படுகிறார். அவனுக்கும் அவன் இரண்டு சிநேகிதருக்கும் பரிகாரமாக ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா பலியிடச் சொல்லி, யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்கிறார். அப்படிக் கண்டிக்கப்பட்ட பேச்சிலிருந்துதான் வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

22-ஆம் அதிகாரத்தின் கதையும் இதுதான். "நீர் அவரோடே பழகி சமாதானமாயிரும்", "நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்" இரண்டும் அட்டையில் அடிக்கடி வருகிற வசனங்கள். பேசுகிறவன் எலிப்பாஸ். அதே பேச்சில் 6 முதல் 9 வரை வாசியுங்கள். ஏழையின் துணியை உரிந்துகொண்டாய், விடாய்த்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, விதவையை வெறுமையாய் அனுப்பினாய் என்று யோபுமேல் அடுக்கடுக்காகப் பழி போடுகிறான். அத்தனையும் பொய்.

அட்டையில் அச்சடித்ததற்காக இவ்வளவு எரிச்சல் எதற்கு என்று கேட்கலாம். எரிச்சல் அட்டையோடு நிற்பதில்லை. வசனத்தோடு பில்தாத்தின் கணக்கும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நல்லவனுக்கு முடிவு சம்பூரணம், அப்படியானால் முடிவு கெட்டவன் நல்லவன் இல்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் அக்காவின் கட்டிலருகே, வேதபாடம் எடுக்கிற தம்பி வந்து நிற்பார். "அக்கா, அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அந்த அக்கா ராத்திரி முழுக்கத் தூங்காமல், சின்ன வயதில் மாமியாரை எதிர்த்துப் பேசியது வரைக்கும் தோண்டிக்கொண்டிருப்பார். குணமாகவில்லை என்றால் விசுவாசம் பத்தவில்லை என்று இன்னொருவர் வந்து சொல்வார். அதற்குப் பிறகு அந்த வீட்டார் ஆராதனைக்கு வராமல் போனால், பின்மாற்றம் என்று அவர்களுக்கே பெயர் வைப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு இயேசு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். யோவான் 9-இல், பிறவிக் குருடன் விஷயத்தில் இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்று கேட்டு, அவரே இல்லை என்றார். மனந்திரும்பச் சொன்னது கேட்டுக்கொண்டு உயிரோடு இருந்தவர்களை.

இதற்கு மறுப்பு வரும். 1 கொரிந்தியர் 3:19-இல் பவுலே எலிப்பாசின் பேச்சிலிருந்து (யோபு 5:13) ஒரு வரியை எடுக்கிறாரே என்பார்கள். சரிதான். சிநேகிதர்கள் பேசியது எல்லாம் பொய்யில்லை. பொதுவான உண்மைகள் நிறைய இருக்கின்றன. அந்த உண்மையை யோபுவின் தலையில் கொண்டுபோய் வைத்ததுதான் குற்றம். குடித்துக் குடித்து ஈரல் கெட்டவரிடம் காரணத்தைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். காரணம் தெரியாத நோய்க்குப் பாவத்தைக் காரணமாகக் கண்டுபிடிப்பது வேறு. யாக்கோபு 5:15-ஐக் காட்டுகிறவர்களும் உண்டு. அங்கே இருப்பது "பாவஞ்செய்தவனானால்" என்பது. செய்தான் என்று யாக்கோபு முடிவு கட்டவில்லை.

செய்ய வேண்டியது சிறிய வேலை. ஒரு பென்சில் எடுத்து யோபு புத்தகத்தில் ஒவ்வொரு அதிகாரத் தலைப்பிலும் பேசுகிறவர் பெயரை எழுதிவிடுங்கள். 4, 5, 15, 22 எலிப்பாஸ். 8, 18, 25 பில்தாத். 11, 20 சோப்பார். 32 முதல் 37 வரை எலிகூ. 38 முதல் 41 வரை கர்த்தர். நடுவில் 40-இன் தொடக்கத்தில் மட்டும் யோபுவின் சின்னப் பதில் ஒன்று வரும். 3-இலிருந்து 31 வரை மிச்சமெல்லாம் யோபு. 42-இல் முதல் ஆறு வசனமும் யோபுதான். 1, 2 அதிகாரங்களும் 42-இல் ஏழாம் வசனத்திலிருந்தும் கதை சொல்லும் பகுதி. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு எந்த வசனத்தை எடுத்தாலும் அதற்கு முன் பத்து, பின் பத்து வசனம் வாசிக்காமல் பேசாதீர்கள். "நீங்கள் சாகவே சாவதில்லை" என்பதும் வேதாகமத்தில் இருக்கிற வசனம்தான். சொன்னது சர்ப்பம்.

ஆனால் நாளைக்கே அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பிரேமைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவர் கேட்டால், யோபு 42:12 இருக்கிறது என்று சொல்லுங்கள். யோபுவின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று புத்தகமே சொல்லும் இடம் அது. துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு 2:13 போதும். ஏழு நாள் இரவும் பகலும் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கும்வரை அவர்கள் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள்.

எபேசியர் 2:9-இல் நிறுத்திவிடுவது

கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல என்பது 8, 9. நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்பது 10. மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும்.

விசுவாசத்தினால் நீதிமான் என்கிற ரோமர் 4-ஐயும், கிரியைகளினால் நீதிமான் என்கிற யாக்கோபு 2-ஐயும் மோதவிட்டு வாக்குவாதம் நடத்துகிறவர்கள் ஆதியாகமத்தைத் திறந்து வருஷம் பார்ப்பதில்லை. பவுல் எடுப்பது 15:6. ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86. விருத்தசேதனம் 99-இல், ஈசாக்கு பிறந்தது 100-இல். யாக்கோபு காட்டுவது ஈசாக்கைப் பலியிடப் போன 22-ஆம் அதிகாரம். ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். நடுவில் 15 வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நீதிமானாக எண்ணப்பட்டவனுடைய விசுவாசம் பிறகு எப்படி நடந்துகாட்டியது என்பதே யாக்கோபின் பேச்சு. அவருக்கு முன்னால் நின்றவர்கள், உடுக்கத் துணியில்லாத சகோதரனைப் பார்த்துக் குளிர்காயுங்கள், பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியவர்கள். பவுலுக்கு முன்னால் நின்றவர்கள் வேறு.

பாவத்தை மூன்றோடு முடித்துவிடுவது

குடி, புகை, சினிமா. நம் பக்கத்துக் கூட்டங்களில் பட்டியல் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். கந்துவட்டி வராது. பெண் வீட்டில் பவுன் பேசுவது வராது. யாக்கோபு 5:4-இல் வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. தாமிரபரணிக் கரையில் நெல் அறுக்கிற ஊரில் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, சும்மா அடுத்த வசனத்துக்குப் போகக்கூடாது.

சாதியும் வராது. கலாத்தியர் 2:11 முதல் 14 வரை எடுத்து நடத்துங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் விலகி எழும்பிவிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டார். சுவிசேஷத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதே அவர் வைத்த குற்றம். அசனப் பந்தியில் (சபையின் பொது விருந்தில்) யார் யாரோடு உட்காருகிறோம், யார் வீட்டில் சம்பந்தம் பேசுகிறோம் என்பதை இந்தப் பகுதியை வைத்தே கேட்கலாம். ஒருவர் பெயரையும் சொல்ல வேண்டாம். கேள்வியை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை

சம்பந்தப்பட்டவரே அங்கே இருந்து, அவரே சொன்னால் மட்டும்.

கண்ணை மூடித் திறந்த பக்கத்தை வாசிப்பது

வேண்டாம்.

நடத்துகிறவரே பேசித் தீர்ப்பது

ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வசனத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பாட்டும் ஜெபமும் 10 நிமிஷம். பகுதியை இரண்டு பேர் இரண்டு தடவை சத்தமாக வாசிக்க 5. கேள்விகளுக்கு 30. இந்த வாரம் இதில் எதைச் செய்யப்போகிறோம் என்பதற்கு 5. கடைசி ஜெபத்துக்கு 10. கேள்விகள் நாலு போதும்: பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, இங்கே தேவனைப்பற்றி என்ன தெரிகிறது. கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறு வரும்போது நீங்களே பதில் சொல்லிவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் எட்டாவது எண்ணுக்குள் பின்வரிசையில் இருந்து ஒரு பாட்டி பேச ஆரம்பித்துவிடுவார்.