தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்: பழைய காரில் கை வைக்கும் முன்

நான் டொயோட்டா கொரோலா 110 கார் ஒன்றை வாங்கிய வாரமே, எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தேர்மோஸ்டாட்டின் கவரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெறும் ஓட்டை. விற்றவரிடம் கேட்டதற்கு, "கராஜ்ல கழற்றிட்டாங்க தம்பி, நம்ம நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்லையாம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கொழும்பில் பலரும் இதை மனதார நம்புகிறார்கள். பழைய காரைத் தினமும் வேலைக்கு ஓட்டி, வருடத்தில் இரண்டு மூன்று நாள் கட்டுகுருந்த ரேஸ் ட்ராக்குக்கும் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுவதென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

அந்த எஞ்சினில் தேர்மோஸ்டாட் 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். சூடு குறைவாக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு, உள்ளே சுற்றும் குறுக்கு வழியையும் அதுவே அடைக்கும். இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் ஓடும். சூட்டைக் குறைக்கவென்று செய்த வேலை, ட்ராக்கில் சூட்டைக் கூட்டிவிடுகிறது. காலை நேரக் குறுகிய ஓட்டங்களில் இதற்கு நேரெதிர்: எஞ்சின் சூடாகவே நேரமெடுக்கும், எஞ்சின் கம்ப்யூட்டர் அதிகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், ஒயிலில் பெற்றோல் கலக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் கூடிப்போய் நிற்கும் கார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி, தண்ணீர் கொதிக்கும் நிலையை 100 பாகையிலிருந்து கிட்டத்தட்ட 120க்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடியால் அது முடியாது. மூடியை மாற்றாமல் அலுமினிய ரேடியேட்டர் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, குழாய்த் தண்ணீர். அதை வருடக்கணக்கில் ஊற்றிவந்த எஞ்சினின் கீழ் ஹோஸைக் கழற்றினால் தேநீர் நிறத்தில் கறள் தண்ணீர் கொட்டும். கூலன்டுக்குக் கொடுக்கும் காசு குளிர்ச்சிக்கு மட்டுமல்ல, கறளைத் தடுக்கும் மருந்துக்கும்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய காரில் முதல் செலவாக எக்ஸோஸ்டையும் பெரிய ரிம்மையும் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சூட்டை ஆற்றுவதும் காரை நிறுத்துவதும் சரியான பிறகுதான் வேகம்.

நிறுத்துவது என்றால் பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டொட் 3, டொட் 4 என்பவை பிரேக் ஒயிலின் தரங்கள். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு இவை 230, 155. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஓடும்போது பிரேக் அவ்வளவு சூடாகாது, அதனால் எதுவும் தெரியாது. கட்டுகுருந்தவின் நேர்பாதை முடிவில் நாலைந்து சுற்று பலமாகப் பிடித்த பிறகுதான் ஒயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். முழு ஒயிலையும் மாற்றாமல், ட்ராக்குக்குப் போகும் முதல்நாள் மேலே கொஞ்சம் நிரப்பிக்கொண்டு போவதில் பயனில்லை. நிறம் கறுத்திருந்தால் காத்திருக்காதீர்கள். டொட் 5 என்பது சிலிக்கன், அதை இவற்றோடு கலக்கவே கூடாது, டொட் 5.1 சிலிக்கன் அல்ல.

பிரேக் பேட் விஷயத்தில் தவறு மறுபக்கம் நடக்கிறது. ரேஸ் பேட் சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் பஸ் திடீரென்று வெளியே வரும்போது அது ஆறிப்போய் இருக்கும். இரண்டுக்கும் ஒரே காரென்றால் நடுத்தரமான வீதிப் பேட் போடுங்கள், அல்லது ட்ராக் நாளில் மட்டும் மாற்றுங்கள்.

டயரில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். பாவித்த ஜப்பான் டயர் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இறக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கேஸ் கட்டரின் சூடு உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டிலிருந்து விலகலாம். ஷொக் அப்சோர்பர் பயணிக்க இடமில்லாமல் முட்டும். ஒழுங்கைகளில் வேகத்தடை தாண்டும்போதெல்லாம் அந்த அடி காரின் உடம்புக்குத்தான் போகிறது. அதைவிட, உள்ளதிலேயே நல்ல ஷொக்கும் புதிய ரப்பர் புஷ்களும் போட்டு சக்கர அலைன்மெண்ட் பாருங்கள். இருபத்தைந்து வருடப் புஷ் மாறியதும் கார் வளைவில் சொன்னபடி கேட்கும். வேறு எந்தச் செலவிலும் இவ்வளவு வித்தியாசத்தை நான் உணர்ந்ததில்லை.

கொழும்பில் பாவித்த உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) எஞ்சின் எடுப்பவர்கள் ஸ்டார்ட் சத்தத்தைக் கேட்டே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். டொயோட்டாவின் ஏ வகை எஞ்சின்களில் சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், பின் ஒயில் சீல் மூன்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அப்புறம் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கூலி. எஞ்சின் இலக்கம் மாறினால் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் மாற வேண்டும். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் இதைக் கதைக்க வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம்.

ட்ராக் நாள் முடிவில் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, காரை ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சக்கரங்கள் ஆறியபின் நட்டுகளை டோர்க் ரென்ச்சால் திரும்பப் பாருங்கள், கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். பிறகு பிரேக் பெடலை ஒருமுறை மிதியுங்கள். காலையில் நின்ற உயரத்தில் நிற்கவில்லையென்றால் காலி வீதிக்கு இறங்க வேண்டாம், காரை ஏற்றிக்கொண்டு போக லொறியைக் கூப்பிடுங்கள்.