பார்சிலோனாவில் குடும்பத்தோடு தங்க எந்த வட்டாரம்?

சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறைக்குப் பார்சிலோனா போகலாம் என்று வீட்டில் முடிவானதும் பலரும் முதலில் வரைபடத்தைத் திறந்து, சக்ரதா ஃபமீலியா தேவாலயம் எங்கே, கடற்கரை எங்கே என்று பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் மலிவாக என்ன கிடைக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படித் தேடாதீர்கள். நகரம் சின்னது, மெட்ரோ நன்றாக ஓடுகிறது, சுற்றிப் பார்க்கிற இடங்களுக்கு எந்த நடுத்தர வட்டாரத்திலிருந்தும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் போய்விடலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் வேறு. மத்தியானம் வெயில் ஏறி, சின்னவன் அழ ஆரம்பித்து, பாட்டிக்கும் கால் வலி எடுத்துவிட்டால், அதிகம் அலையாமல் அறைக்குத் திரும்ப முடியுமா? சாயங்காலம் மறுபடி கீழே இறங்கினால் பிள்ளைகள் ஓட ஓர் இடம் இருக்குமா? ராத்திரி தூங்க முடியுமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஊரின் நேரமும் நம் உடம்பின் நேரமும் ஒத்தே போகாது. ஜூனில் அங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். உணவகங்களில் ராத்திரிச் சாப்பாடு எட்டு, எட்டரைக்குத்தான் தொடங்கும், பத்து மணிக்குக்கூட உள்ளூர்ப் பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். நமக்கோ கோடையில் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு மணி என்றால் நம் உடம்புக்கு நள்ளிரவு. முதல் சில நாள் பிள்ளைகள் ஏழு மணிக்கே சுருண்டு படுத்துவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் வெளியே ஒன்றும் கிடைக்காது, கையில் ஒரு சமையலறை இருந்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் சமையலறையுள்ள வீடு, அல்லது சமையலறை வசதியுள்ள அடுக்ககப் பாணி ஹோட்டல் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் வட்டாரத்துக்கு வரலாம்.

பழைய நகரத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். கோத்திக் பகுதியும் போர்னும் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் நடந்து பார்க்கிற அழகு வேறு, பெட்டியோடு குடியிருப்பது வேறு. பல சந்துகளில் டாக்சி வாசல்வரை வராது, நிறையக் கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். இரவு விடுதிகளிலிருந்து வெளியே வருகிறவர்களின் பேச்சு கல் சுவர்களுக்கு நடுவே எதிரொலித்து, மூன்றாவது மாடி ஜன்னல்வரை ஏறிவரும். பிள்ளைகள் பெரியவர்களாகி, தாத்தா பாட்டியும் கூட வரவில்லை என்றால் தாராளமாக அங்கே தங்கலாம். மற்றவர்கள் பகலில் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் போதும்.

ரவால் வட்டாரம் அதற்கு அடுத்தாற்போல இருக்கிறது. லோஸ்பிதால் தெருவிலும் அதைச் சுற்றியும் பாகிஸ்தானியர், பங்ளாதேஷியர், இந்தியர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்பு, பாஸ்மதி, மசாலாத்தூள், இஞ்சி, பச்சை மிளகாய், ஹலால் இறைச்சி எல்லாம் அங்கே வாங்கலாம். சாமான் வாங்க அருமையான இடம். ஆனால் சில தெருக்கள் இரவில் அவ்வளவு நன்றாக இருக்காது, சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே தங்குவதை நான் சொல்லமாட்டேன்.

பார்சலோனெத்தா என்ற கடற்கரைப் பேட்டையைப் பார்த்தால் எல்லாருக்கும் ஆசை வரும், மணலுக்கு இரண்டு நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது 1753இல் மீனவர்களுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. பிறகு ஆள் பெருகப் பெருக ஒவ்வொரு வீட்டையும் கூறுபோட்டார்கள், கடைசியில் ஒரு வீடு நான்காக ஆனது. அதனால் இன்றும் அங்கே பல வீடுகள் 30, 35 சதுர மீட்டர்தான், நம் ஊர் ஈரறை வீட்டில் ஐந்து பேர் பெட்டிகளோடு படுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் சத்தமும் அதிகம். கணவன் மனைவி, ஒரு கைக்குழந்தை என்றால்கூட நான் யோசிப்பேன்.

சரி, எங்கேதான் தங்குவது?

எஷாம்ப்ளா என்கிற பெரிய வட்டாரத்தை முதலில் பாருங்கள். பழைய நகரத்தின் மதில்களை இடித்த பிறகு, இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் 1859இல் போட்ட திட்டத்தின்படி எழுந்த பகுதி இது. ஏறக்குறைய 113 மீட்டர் சதுரங்களாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தின் முனையும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், அதனால் சந்திப்புகளெல்லாம் விசாலம். நடைபாதை அகலம், தரை சமம், தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ தடங்கலில்லாமல் போகும், டாக்சி வாசலில் நிற்கும். பாஸேச் தெ கிராசியா சாலையை ஒட்டிய தெருக்களில் விலை அதிகம், அங்கிருந்து நாலைந்து கட்டம் தள்ளிப் போனாலே குறையும். கோன்செல் தெ சென் தெருவில் 2023இல் கார்களைக் குறைத்து, மரமும் இருக்கையும் வைத்து நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட அது நல்ல இடம். அதற்கு அடுத்த தெருவான அரகோ நேர் எதிர், பல தடங்களில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு கட்டம் மாறினால் தூக்கமே மாறிவிடும் என்பதால் முகவரியில் தெருப் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு விஷயம் உண்டு. எஷாம்ப்ளா கட்டடங்களில் தெருவைப் பார்த்த அறைகள் வெளிச்சமாக இருக்கும், சத்தமும் வரும். உள்முற்றத்தைப் பார்த்தவை அமைதியாக இருக்கும், சிலவற்றில் பகலிலும் விளக்குப் போடவேண்டியிருக்கும். பிள்ளைகள் தூங்கும் அறை உள்பக்கம் இருந்தால் நல்லது, அதை வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். மாடிக் கணக்கையும் கேளுங்கள். நாம் தரைத்தளத்தை ஒன்று என்று எண்ணுகிறோம், அங்கே பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் இன்னும் இரண்டு தளங்களை எண்ணில்லாமல் விட்டுவிட்டு அதற்கு மேலேதான் ஒன்று தொடங்கும். மூன்றாவது மாடி என்று போட்டிருப்பது நம் கணக்கில் ஆறாவதாக இருக்கலாம். மின்தூக்கி இருந்தாலும், பல இடங்களில் படிக்கட்டின் நடுவே பின்னாளில் செருகியது, இரண்டு மூன்று பேர் நிற்கலாம், அவ்வளவுதான். பாட்டிக்கு முட்டிவலி என்றால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் விலையைப் பேசவேண்டும்.

எஷாம்ப்ளாவின் தென்மேற்கு முனையில் சாந்த் அந்தோனி இருக்கிறது. சைவம் சாப்பிடுகிற, வயதானவர்களும் கூட வருகிற நம் குடும்பங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். நடுவில் 1882இல் திறந்த இரும்புக் கூரைச் சந்தை, நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2018இல் மறுபடி திறந்தார்கள். காய்கறி, பழம், மீன் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் கார் குறைவு, உட்கார இடம் உண்டு. ரவால் மளிகைக் கடைகளுக்குப் பத்து நிமிட நடை, ஆனால் ரவாலின் இரவுச் சத்தம் இங்கே எட்டாது. தங்குவதற்கு அமைதியான தெரு, சமைப்பதற்குப் பருப்பும் மிளகாயும், இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் அந்த ஊரில் அதிகம் இல்லை. வெளியே சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள், காய்கறி சாலட் என்று கேட்டால்கூட அதில் டூனா மீன் போட்டுத் தருவது அங்கே சாதாரணம்.

கடல்தான் முக்கியம், பிள்ளைகள் மணலில் விளையாடத்தான் போகிறோம் என்றால் போப்ளநோ. ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்த பகுதி, 1992 ஒலிம்பிக்கை ஒட்டித்தான் அந்தக் கரையோரம் இன்றுள்ள கடற்கரைகளாக மாறியது. நடுவே மரநிழலோடு ரம்ப்லா தெல் போப்ளநோ என்ற நடைவீதி கடலை நோக்கி இறங்குகிறது. சாயங்காலம் அங்கே தாத்தா பாட்டிகள், பிள்ளைகள், நாய்கள் எல்லாம் உலாவுவார்கள், பாலே சேர்க்காத ஓர்ச்சாட்டா என்ற குளிர்பானம் கிடைக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுங்கள். மஞ்சள் நிற எல்4 மெட்ரோ இங்கிருந்து மாறாமலே சியுதடேல்லா பூங்கா, பழைய நகரம், பாஸேச் தெ கிராசியா மூன்றுக்கும் போகும். (பாஸேச் தெ கிராசியாவில் எல்3க்கு மாறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நிலத்தடி நடைபாதை மிக நீளம்.) போகதேல், நோவா இகாரியா கடற்கரைகள் குடும்பங்களுக்கு ஏற்றவை. அதற்கு அப்பால் மார் பேல்லாவில் ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கு ஒரு பகுதி உண்டு. மற்றக் கடற்கரைகளிலும் பெண்கள் மேலாடை இல்லாமல் வெயில் காய்வது அங்கே சகஜம். மாமியாரோடு போகிறவர்கள் வீட்டிலேயே சொல்லிவைத்துவிட்டால் அங்கே போய்த் தர்மசங்கடப்பட வேண்டாம். ஜூனில் கடல்நீர் 20, 22 டிகிரிதான். நம் கடலில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் சில்லென்று இருக்கும், பகல் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பார்கள் என்று கணக்குப் போடவேண்டாம். இரவு நடன விடுதிகள் மரீனா மெட்ரோ நிலையத்தின் பக்கமும் ஒலிம்பிக் துறைமுகத்தை ஒட்டியும் இருக்கின்றன, அவற்றை விட்டுக் கிழக்கே தள்ளித் தேடுங்கள்.

கிராசியா 1897வரை தனி ஊராக இருந்தது, இன்னும் அந்த முகம் மாறவில்லை. சின்னச் சதுக்கங்கள், குட்டிக் கடைகள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பிளாசா தெல் சோல் போன்ற சதுக்கங்களைப் பார்த்த வீடு மட்டும் வேண்டாம், நள்ளிரவு தாண்டியும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பார்க் குவேல் பூங்காவின் பக்கத்தில் மலிவு வீடுகள் வரும், அது மலை. வரைபடத்தில் ஐநூறு மீட்டர் என்று காட்டுவது செங்குத்தான ஏற்றமாக இருக்கும். லோஸ்பிதலேத் என்று முகவரி வந்தால் அது பக்கத்து நகரம், மெட்ரோ இருக்கிறது, செலவு குறைவு, ஆனால் மத்தியானம் அறைக்கு வந்து போவது கொஞ்சம் சிரமம்.

டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் கடற்கரையை மறந்துவிட்டு எஷாம்ப்ளா அல்லது சாந்த் அந்தோனியைப் பிடியுங்கள். அப்போது வித்தியாசம் ஏழு மணி நேரம், ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், விளக்கும் கடையும் ஆள் நடமாட்டமும் உள்ள தெருதான் நல்லது.

வட்டாரம் முடிவானதும் வீட்டைச் சரிபாருங்கள். சுற்றுலா வாடகை வீடு என்றால் அரசாங்க உரிம எண் விளம்பரத்தில் இருக்கவேண்டும், பார்சிலோனாவில் அது எச்.யூ.டி.பி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் வாடகை ஏறிப்போனதால், 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களையும் முடிவுக்குக் கொண்டுவருவதாக நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்திருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் இருக்கிறது, நாலு மணிக்கு எழுந்துவிடும் பிள்ளைகளை ஓடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வீட்டுக்காரர் எல்லாருடைய கடவுச்சீட்டு விவரத்தையும் கேட்பார், அது அந்த நாட்டுச் சட்டம், பயப்படவேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோர் கூட வந்தால் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆவணம் கேட்பார்கள், ஆகவே ரத்து செய்யக்கூடிய பதிவாகப் பாருங்கள்.

ஏர்கான் எல்லா அறையிலும் இருக்கிறதா, வரவேற்பறையில் மட்டுமா என்று கேளுங்கள். அடுப்பு இண்டக்‌ஷனா என்றும் கேளுங்கள், அப்படியென்றால் அலுமினியக் குக்கர் வேலைக்காகாது. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட் என்பதால் சின்ன ரைஸ் குக்கரை இங்கிருந்தே கொண்டுபோகலாம், இரண்டு முள் அடாப்டர் போதும். ஞாயிற்றுக்கிழமை சந்தையும் பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டும் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், ரொட்டி, காய் வாங்கிவைத்துவிடுங்கள். மெட்ரோவுக்கு டி-ஃபமிலியார் அட்டை வாங்கினால் எட்டுப் பயணம், ஒரே அட்டையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளலாம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். விமான நிலைய மெட்ரோ நிலையங்களுக்கு மட்டும் அது செல்லாது. பழைய நகரத்து நடைவீதியான லா ரம்ப்லாவிலும் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் தொல்லை உண்டு, கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேதி போடும்போது ஜூன் 23 இரவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் நம் பள்ளி விடுமுறைக்குள்ளேயே வரும். சாந்த் ஜோவான் திருவிழா, தெருவெங்கும் விடிய விடியப் பட்டாசு, கடற்கரை முழுக்கக் கூட்டம். தீபாவளிக்குக் குதிக்கிற பிள்ளைகள் என்றால் அன்று போப்ளநோவில் இருப்பது ஆனந்தம். கைக்குழந்தையோ, சத்தம் தாங்காத பெரியவர்களோ இருந்தால் அந்த இரவுக்கு எஷாம்ப்ளாவில் உள்முற்றம் பார்த்த அறையில் இருங்கள். மறுநாள் 24 பொதுவிடுமுறை, கடைகள் இருக்காது, அரிசியும் பாலும் முன்னாடியே வாங்கிவைத்துவிடுங்கள்.