கயிறு இரண்டாகத் தெரிந்தால்: பல கேமராப் படப்பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்ப்பவரே தன் கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் முப்பரிமாணத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடிக்கக் கற்றுக்கொள்ளும் சிலர், தாங்கள் எடுத்த காட்சியைப் போன வாரம் என்னிடம் காட்டினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. நான் செய்த அதே தவறுகள். லென்ஸைத் துடையுங்கள், கார்டில் இடம் இருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

டைம்கோடை நம்பி ஜென்லாக்கை விடுவது

என் முதல் படப்பிடிப்பில் எட்டு கேமராக்கள். ஒரு பெண் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். கேமராக்களுக்கு நடுவே உள்ள கோணத்தைக் கணித்து உருவாக்கிப் பார்த்தால், கயிறு இரண்டாகத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கை புகைபோலக் கலைந்திருந்தது. ஆழத்தைக் கணிக்கும் மென்பொருள்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் அதன் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த சுவரும் நாற்காலியும் துளிப் பிசிறில்லாமல் வந்திருந்தன. அசையாதது சரி, அசைவது மட்டும் கோளாறு என்றால் என்ன அர்த்தம்? அதை யோசிக்கத் தோன்றவில்லை.

டைம்கோட் என்பது எந்த நேரத்துப் படம் என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒட்டும் பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். ஷட்டர் எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்பது அதன் கையில் இல்லை. எல்லாக் கேமராவுக்கும் ஒரே துடிப்பை அனுப்பி, ஷட்டர்களை ஒன்றாகத் திறக்கவைப்பது ஜென்லாக். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி. ஒரே டைம்கோட் உள்ள இரண்டு ஃப்ரேம்களுக்கிடையே 8 மில்லிநொடி வித்தியாசம் தாராளமாக இருக்கலாம். சுழலும் கயிற்றின் நடுப்பகுதி நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போனால், அதற்குள் கிட்டத்தட்ட 10 செ.மீ. நகர்ந்துவிடும். அது நகர்வு என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆழம் என்று எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தப்பான தூரத்தில் கொண்டுபோய் வைக்கும்.

இதைச் சொன்னால் “டைம்கோட் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது” என்று திரையைக் காட்டுகிறார்கள். இருக்கும், எனக்கும் இருந்தது!

இன்னொன்று, எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்துவதாலும் பயனில்லை. இரண்டு கேமராக்களுக்குள் இருக்கும் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு மட்டும் வேறுபட்டால்கூட, ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகிவிடும். நான்கு ஃப்ரேமுக்கும் மேல்.

சோதிப்பது சுலபம். மில்லிநொடிக்கு ஒன்றாக வரிசையாய் எரிந்து அணையும் எல்இடி பட்டை ஒன்றை நடுவில் வைத்து, ஷட்டர் நேரத்தை நன்றாகக் குறைத்துப் படம்பிடியுங்கள். எல்லாக் கேமராவிலும் ஒரே விளக்கு எரிய வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை.

ரோலிங் ஷட்டர்

படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாகப் பதியும் ஷட்டர் இது. வேகமாக அசையும் எதற்கும் வேண்டாம்.

காலிபரேஷனுக்குப் பிறகு கேமராவைத் தொடுவது

ஒவ்வொரு கேமராவும் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சதுரங்கக் கட்ட அட்டையைக் காட்டிப் பொறுமையாக அளவெடுத்து (இதுதான் காலிபரேஷன்) முடித்திருப்போம். யாராவது ஒருவர் “லேசாகத் திருகு தளர்ந்திருந்தது” என்று முடுக்கிவைப்பார். 60 பாகை பார்வையுள்ள 1920 பிக்சல் கேமராவில் பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே சுமார் 3 பிக்சல் போச்சு. தொட்டுவிட்டால் மறுபடி அட்டையை எடுங்கள். வேறு வழி இல்லை.

தானியங்கி வெளிச்சம், நிறச் சமன், ஃபோகஸ்

மூன்றையும் அணையுங்கள்.

கைவசம் உள்ள கேமராக்களைச் சுற்றிலும் பரப்புவது

எட்டே கேமராவை வைத்துக்கொண்டு முழு வட்டத்தையும் பிடிக்கப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2004இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 8 கேமராக்களைச் சுமார் 30 பாகை வளைவுக்குள் நிறுத்தித்தான் நல்ல படம் காட்டினார்கள். இடைவெளி கூடினால், ஒருவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது எந்தக் கேமராவிலும் பதியாது. அந்த ஓட்டையை மென்பொருள் ஊகித்து நிரப்பும், அது நிரப்பும் லட்சணம் திரையில் தெரியும்.

கேமரா நின்ற இடத்திலேயே பார்த்துத் திருப்திப்படுவது

அங்கிருந்து எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு கேமராவின் படத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து, பக்கத்து இரண்டு கேமராக்களை மட்டும் கொண்டு அதே கோணத்தை உருவாக்குங்கள். அப்புறம் இரண்டையும் அருகருகே வைத்து, முதலில் விரல் நுனியையும் தலைமுடி ஓரத்தையும் பாருங்கள்.