தத்தெடுத்த குழந்தை அமெரிக்க வீட்டுக்கு வந்தபின்: முதல் சில மாதங்கள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்த் தம்பதியர் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமானால், குடும்ப ஆய்வு அறிக்கை, இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, விசா என ஒவ்வொன்றாகக் கடந்து வர நீண்ட காலம் ஆகிறது. எனவே, குழந்தை வந்து இறங்கும் நாளில் உறவும் நட்பும் விமான நிலையத்துக்கே திரண்டு வர வேண்டும், அடுத்த சனிக்கிழமை வீட்டில் விருந்து வைக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை எழுவது இயல்பு. அவ்விரண்டையும் தள்ளிப்போடுங்கள். மூன்று வயதில் வரும் ஒரு குழந்தை, தன்னைக் குளிப்பாட்டிய ஆயாவையும், பக்கத்துக் கட்டிலில் தூங்கிய பிள்ளைகளையும், பழகிய சாப்பாட்டையும், காதில் விழுந்துகொண்டிருந்த மொழியையும் ஒரே வாரத்தில் இழந்துவிட்டு வந்திருக்கிறது.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, விழுந்தால் தூக்குவது ஆகியவற்றைப் பெற்றோர் இருவர் மட்டுமே செய்ய வேண்டும். காப்பகத்தில் வேலைமுறைக்கு ஏற்ப ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், கேட்டதைத் தருபவர் யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்று குழந்தைக்குப் பழகியிருக்கும். “புது முகம் என்ற பயமே இல்லை, யார் கூப்பிட்டாலும் போகிறது, என்ன சமத்து!” என்று வருகிறவர்கள் மெச்சுவார்கள், உண்மையில் கவனிக்க வேண்டிய அறிகுறி அதுதான். 1990களில் ருமேனியக் காப்பகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன பிள்ளைகளை குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தலைமையிலான ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களிடமே இப்போக்கு கூடுதலாகக் காணப்பட்டது. ருமேனியக் காப்பகங்களில் நிலவிய கொடுமையை எல்லாக் காப்பகங்களுக்கும் பொருத்திப் பார்க்க முடியாதென்றாலும், குழந்தைக்குத் தனக்கென்று நிலையான ஓரிருவர் வேண்டும் என்பது எங்கும் பொருந்தும்.

இதில் மிகக் கடினமான பகுதி பாட்டிகள்தாம். பேரப்பிள்ளைக்காகச் சென்னையிலிருந்து பறந்து வந்தவரிடம் “ஊட்ட வேண்டாம், தூக்க வேண்டாம்” என்றால் மனம் நோகும். ஆகவே அவர் பயணச்சீட்டு எடுக்குமுன்பே, இது சில மாத ஏற்பாடு என்பதைத் தொலைபேசியில் பொறுமையாக விளக்கிவிடுவது நல்லது. அடுப்படியை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டால் தாய்க்குக் குழந்தையோடு தரையில் உட்கார நேரம் கிடைக்கும். குழந்தை தம்மிடம் கையை நீட்டினால், “அம்மா தருவா, அம்மாகிட்ட கேளு கண்ணா” என்று அவரே திருப்பி அனுப்பலாம். சொல்பவர் பாட்டியாக இருந்தால் அதற்குத் தனி மதிப்புண்டு.

நம் நாட்டுக் குழந்தைதானே என்று மொழியைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிடுகிறோம். ஒடிசாவிலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வரும் குழந்தைக்குத் தமிழும் ஆங்கிலம் போலவே அயல்மொழி. தண்ணீர், பசி, வலி, சிறுநீர், போதும், பயம் ஆகியவற்றுக்குக் குழந்தையின் மொழியில் உள்ள சொற்களைக் காப்பகத்தில் கேட்டு, ஆயாவின் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் பாடும் தாலாட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தை அங்கு போர்த்திய துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சில நாள்களுக்குத் துவைக்காமலே வைத்திருங்கள்.

நியூயார்க்குக்கும் இந்தியாவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வேறுபாடு இருப்பதால் முதல் வாரத்தில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஆனால் அந்த வாரம் கழிந்த பிறகும் குழந்தை நள்ளிரவில் அலறி எழலாம். அழாமல் கண்ணைத் திறந்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டும் கிடக்கலாம். காப்பகக் கூடத்தில் பலரோடு தூங்கிய குழந்தைக்குத் தனியறை என்பது தண்டனையைப் போன்றது. அதற்கென அழகாகச் செய்து வைத்த அறையைப் பகலில் விளையாட விட்டுவிட்டு, இரவில் உங்கள் கட்டிலை ஒட்டியே ஒரு சிறு மெத்தை போடுங்கள்.

தலையணைக்கடியில் காய்ந்த இட்லித் துண்டு கிடைத்தால் திட்ட வேண்டாம். அடுத்த வேளை உணவு வரும் என்ற நம்பிக்கை இன்னும் ஏற்படவில்லை, அவ்வளவுதான். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். பதுக்குவது தானாகவே குறையும். பால் ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள்கள் பார்த்துக் கொடுங்கள். அடம் பிடித்தால் “உன் அறைக்குப் போ” என்று தனியே அனுப்பாமல் அருகிலேயே உட்கார்ந்திருப்பது மேல்.

வந்த இரண்டு வாரங்களுக்குள் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ரத்தசோகை, குடற்புழு, ரத்தத்தில் ஈயம், ஹெபடைடிஸ் பி, காசநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைக் கேளுங்கள். இந்தியாவில் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுவதால் காசநோய்க்கான தோல் பரிசோதனை குழப்பமான முடிவைக் காட்டக்கூடும். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை பொருத்தமானது. முதல் முறை நோய் இல்லையென்று வந்தாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் பார்ப்பது அவசியம். கைவிடப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதி பெரும்பாலும் மருத்துவரின் மதிப்பீடே என்பதால், பள்ளியில் எந்த வகுப்பு என்று முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம்.

வேலை விடுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தகுதியுள்ள பணியாளருக்குத் தத்தெடுப்புக்கும் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு. இந்தியாவிலேயே தத்தெடுப்பு முடிந்து வரும் குழந்தைக்குத் தரப்படும் ஐ.எச்.-3 விசாவில் நுழையும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை, குடியுரிமையுள்ள பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வாழ வரும்போது தானாகவே குடியுரிமை பெற்றுவிடும். அதற்கான சான்றிதழ் தபாலில் வந்ததும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். காராவுக்கான பின்தொடர் அறிக்கைகள் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் செல்லும். அதற்காக வரும் சமூகப் பணியாளரிடம் எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. மாதங்கள் கடந்தும் குழந்தை கண்ணோடு கண் பார்க்கவில்லை, வலித்தாலும் உங்களைத் தேடி வரவில்லை என்றால், அதைச் சொல்லித் தகுந்த மனநல ஆலோசகரை அவரிடமே கேளுங்கள்.

காப்பகம் தந்த குழந்தை ஆய்வு அறிக்கையின் மூலப்படியை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். எங்கே, எந்த நிலையில் குழந்தை கிடைத்தது என்று உறவினர் கேட்டால், அதைக் குழந்தை வளர்ந்தபின் தானே விரும்பினால் சொல்லும் என்று கூறிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம்.