கொழும்புக்கு எந்தத் தள்ளுவண்டிலைக் கொண்டுபோவது?

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையோடு கொழும்புக்குப் போகிறவர்கள், கடையில் தள்ளுவண்டில் பார்க்கும்போது மூன்று இடங்களை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: விமானத்தில் தலைக்கு மேலுள்ள தட்டு, ஓட்டோவில் கால் வைக்கும் இடம், வெள்ளவத்தையில் காலி வீதியோரம் வடிகானை மூடியிருக்கும் கொங்கிறீற் பலகை. கடையின் மழமழப்பான தரையில் எல்லா வண்டிலும் நன்றாகத்தான் ஓடும்.

முதலில் நிறை. இரண்டு வயதுப் பிள்ளை சராசரியாக 12 கிலோ, மூன்று வயதில் 14 கிலோ. தள்ளுவண்டிலுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1888. அதன் முதற்பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. பாரம் குறைந்த வண்டில்கள் பல 15 கிலோவோடு நின்றுவிடும். இப்போது 13 கிலோ இருக்கும் பிள்ளைக்கு அதை வாங்கினால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உதவாது. வண்டிலின் கம்பிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசியுங்கள். வண்டிலின் சொந்த நிறை 7 கிலோவைத் தாண்டக்கூடாது. கொழும்புக்குப் பறக்கும் மத்திய கிழக்கு விமானங்களில் சாதாரண வகுப்புக் கைப்பைக்கு 7 கிலோதான் எல்லை. அதோடு லிப்ட் வேலைசெய்யாத தொடர்மாடியில், இடுப்பில் 12 கிலோப் பிள்ளை, மறுகையில் வண்டில் என்று நாலாம் மாடிக்கு ஏறப்போவதும் நீங்கள்தான்.

மடிப்பில் மூன்று வகை உண்டு. குடைபோல் நீளமாக மடிவது மலிவு, ஆனால் மடித்தபின் ஒரு மீற்றருக்கு மேல் நீளும். ஓட்டோவில் குறுக்கே போட்டால் உங்கள் முழங்காலுக்கு இடமில்லை, வெளியே நீட்டினால் பக்கத்தில் வரும் பஸ் தட்டும். கைப்பிடியும் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒரு கையால் தள்ளினால் ஒரு பக்கம் இழுக்கும். கொழும்பில் மற்றக் கை குடை பிடிக்கவோ வீதியில் வாகனத்தை மறிக்கவோ எப்போதும் தேவை. ஆகச் சிறிதாக மடியும் வகை, ஜீ.பி. பொக்கிற் என்ற பெயரில் விற்பதைப் போன்றது, 30க்கு 18க்கு 35 செ.மீ. அளவுக்குள் அடங்கி அநேகமாக எந்த விமானத்திலும் ஏறிவிடும். ஆனால் அதன் சில்லு மிகச் சிறியது, சட்டம் வளையும், காலி வீதியில் நூறு மீற்றர் போவதற்குள் கை வலிக்கும். மூன்றாவது, யோயோ என்ற பெயரில் விற்கும் வண்டில் போல மூன்றாக மடிந்து பெட்டி வடிவத்துக்கு வருவது. என் தெரிவு இதுதான். ஓட்டோவில் காலடியில் நிமிர்ந்து நிற்கும், வாகனத்தின் சிறிய டிக்கியில் ஒரு சூட்கேசுக்குப் பக்கத்தில் போகும். அதற்கும் குறையுண்டு: மடித்த அளவு 52க்கு 44க்கு 18 செ.மீ., கட்டார் எயார்வேஸ் கைப்பைக்குத் தரும் அளவு 50க்கு 37க்கு 25. “கைப்பையாகக் கொண்டுபோகலாம்” என்ற விளம்பரத்தை நம்பிப் போகிறவரைக் கடைசி நேரத்தில் விமானத்தின் கதவடியில் நிறுத்தி வண்டிலை வாங்கிக் கீழே பொதிகளோடு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் என்னென்ன வரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சில்லுதான் வண்டிலின் உயிர். 13 செ.மீ.க்குக் குறைந்த முன்சில்லை வாங்காதீர்கள். காலி வீதியில் வடிகான் பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், பலகையைத் தூக்குவதற்கென்று விட்ட துளை இருக்கும், ஒரு பலகை மற்றதைவிட இரண்டு விரல் உயர்ந்து நிற்கும். சிறிய சில்லு அந்த இடைவெளியில் பக்கவாட்டில் திரும்பி இறங்கி நின்றுவிடும், பின்னாலிருந்து வரும் வேகத்தில் வண்டில் முன்பக்கம் கவிழப் பார்க்கும். அப்படியான இடத்தில் முன்சில்லைத் திரும்பாமல் பூட்டிவையுங்கள், இடைவெளியைச் சரிவாகக் கடக்காமல் நேராகக் கடவுங்கள், இன்னும் மோசமென்றால் வண்டிலைத் திருப்பிப் பின்சில்லால் இழுங்கள். முன்சில்லுப் பூட்டு இல்லாத வண்டிலைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டாம். கைப்பிடியில் மரக்கறிப் பையைக் கொழுவாதீர்கள். பிள்ளை இறங்கிய கணம் வண்டில் பின்னால் விழும், பிள்ளை இருக்கும்போதே மேடேறினாலும் விழும்.

பட்டம் ஏற்றும் காலிமுகத் திடலுக்குப் போய்வந்தால் அன்றிரவே வண்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே அறுந்து கிடக்கும் பட்ட நூல் முன்சில்லின் அச்சில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. சில்லு மெல்ல இறுகிக் கிறீச்சிடும்போது மண் என்று நினைத்து எண்ணெய் விடுவார்கள், எண்ணெயில் மண் ஒட்டி இன்னும் இறுகும். சில்லைக் கழற்றி, நூலை நகவெட்டியால் வெட்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும். கடலோரத்து மரைன் டிறைவ் வீதிப் பக்கம் தங்குகிறவர்கள் உப்புக்காற்றை மறக்கக்கூடாது. இரும்பு ஆணிகளையும் மடிப்பு மூட்டுகளையும் இரண்டு நாளுக்கொருமுறை நல்ல தண்ணீரால் துடையுங்கள்.

வெயிலுக்குப் பிள்ளையின் முழங்கால் வரை வரும் மூடி தேவை. மெல்லிய துணியென்றாலும் வண்டிலின் முன்பக்கத்தை மூடிக் கட்டாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும், பிள்ளையின் முகமும் தெரியாது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே நுளம்பு வலையைப் பகலில்தான் போடவேண்டும், கீழே சட்டத்தைச் சுற்றி இறுகும் இலாஸ்ரிக் உள்ளதாக. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மழைமூடியை எங்கு போனாலும் அடிக்கூடையில் வைத்திருங்கள், மழை விட்டவுடன் கழற்றுங்கள்.

இனி விமான நிலையம். வண்டில் வாங்கும் யோசனையில் இருக்கும்போதே இதை வாசித்துவிடுவது நல்லது.

கதவடியில் கொடுத்த வண்டில் கட்டுநாயக்கவில் கதவடியிலேயே திரும்பும் என்று இருந்துவிடாதீர்கள். பொதிகள் வரும் பெல்ற்றிலும் வரலாம். நித்திரை கொள்ளும் பிள்ளையோடு குடிவரவு வரிசையில் நிற்கத் தூக்குப்பட்டி ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். வண்டில் கையில் கிடைத்ததும் பெல்ற்றடியிலேயே விரியுங்கள். விரிந்து பூட்டும் சத்தம் கேட்கிறதா? லேசாகத் தள்ளிக் கையை விட்டால் நேராகப் போகிறதா? பிறேக் இரண்டு பின்சில்லையும் பிடிக்கிறதா? மூடியின் கொளுவி முழுசாக இருக்கிறதா? வளைந்த அச்சும் வெடித்த மடிப்புப் பூட்டும் மடித்த நிலையில் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்துவிட்டால் மீண்டும் உள்ளே போவது பெரும்பாடு.

உடைந்திருந்தால் சுங்கத்தைத் தாண்டமுன் பொதிகளுக்கான கவுண்டருக்குப் போய்ச் சேத அறிக்கை எழுதுவியுங்கள். அறிக்கைக்கு இலக்கம் உண்டு: விமான நிலையத்தின் மூன்றெழுத்து, விமான நிறுவனத்தின் இரண்டெழுத்து, பின்னால் ஐந்து இலக்கம். அது இல்லாமல் நகரக்கூடாது. “சிறு சேதம்” என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். “முன் இடது சில்லின் அச்சு வளைந்துள்ளது, பாவிக்க முடியாது” என்று பாகத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

பிறகுதான் அலைச்சல். இரண்டு விமானம் மாறி வந்தவர்களைக் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம் “ரிக்கெற் தந்தவையிட்டைக் கேளுங்கோ” என்று அனுப்பும், அவர்கள் “கொண்டுவந்து இறக்கினவையிட்டைக் கேளுங்கோ” என்று திருப்பி அனுப்புவார்கள். இதை ஏற்க வேண்டியதில்லை. பயணிக்கும் பொதிக்கும் விமான நிறுவனத்தின் பொறுப்பை வகுக்கும், இலங்கையும் சேர்ந்திருக்கும் 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் 36ஆம் பிரிவின்படி முதலில் ஏற்றிய விமான நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசியாக இறக்கியதிடமும் கேட்கலாம், சேதம் நடந்த விமானத்தின் நிறுவனத்திடமும் கேட்கலாம். தெரிவு பயணிக்குரியது. பொதி கொடுக்கும்போது “உடையக்கூடிய பொருள், பொறுப்பில்லை” என்ற சீட்டில் கையெழுத்து வைத்தோம் என்று பின்வாங்கவும் வேண்டாம். விமான நிறுவனத்தின் பொறுப்பை இல்லாமலாக்கும் நிபந்தனை செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. பொருளில் முன்பே இருந்த குறையாலோ அதன் தன்மையாலோ பயணியின் கவனக்குறைவாலோ வந்த சேதமென்றால் மட்டுமே அவர்கள் விலகலாம். பொதியைக் கொடுக்கமுன் எடுத்த படம் அங்கேதான் கைகொடுக்கும்.

சேதத்துக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்ப 7 நாள். பொதி பிந்தினால், அது கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். இவை நாட்காட்டி நாட்கள். போயாவுக்கும் ஞாயிறுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் அலுவலகம் பூட்டியிருந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கவுண்டரில் எழுதிய அறிக்கையோடு நிற்காமல் அன்றிரவே மின்னஞ்சலும் அனுப்புங்கள்: அறிக்கை இலக்கம், இருக்கைச் சீட்டு, பொதிச் சீட்டு, படங்கள், வாங்கிய பற்றுச்சீட்டு, கேட்கும் தொகை. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கான இழப்பீட்டின் உச்சம், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்புரிமையில் 1,519 அலகு. ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர், அநேகமாக எந்த மடிப்பு வண்டிலின் விலையும் அதற்குள் அடங்கும். பணம் தராவிட்டால் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது.

திருத்தச் செலவுக்குக் கடிதம் கொண்டுவா என்பார்கள். பஞ்சிகாவத்தையில் வாகனத்தின் எந்தப் பாகத்தையும் தேடி எடுக்கலாம், உங்கள் வண்டிலின் அச்சு கிடைக்காது. ஒரு சைக்கிள் கடையில் பெயர் அச்சடித்த பில் தாளில், “உதிரிப்பாகம் இல்லை, திருத்த முடியாது” என்று திகதி போட்டு முத்திரையோடு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அதை ஏற்பார்கள். அந்த அலுவலகத்துக்கு இரண்டாம் தடவை நேரில் போகவே வேண்டாம். நேரில் வரவேண்டும் என்று உடன்படிக்கையில் எங்கும் இல்லை, எழுத்து போதும். மூன்று கிழமை லீவில் ஒரு முத்திரைக்காகக் கதிரையில் காத்திருக்கும் ஒவ்வொரு காலையும் வீட்டில் அம்மாவோடு இருந்திருக்கவேண்டிய காலை. அவர் விடிய எழும்பி வைத்த மீன்குழம்பு அங்கே ஆறிக்கொண்டிருக்கும், சாப்பிடாமல் அவரும் இருப்பார். எத்தனை டொலர் கிடைத்தாலும் அதற்கு ஈடில்லை.

அம்மாவைச் சொன்னதால் கைப்பிடியின் உயரத்தையும் சொல்லவேண்டும். “பிள்ளையை ஏன் வண்டிலில போடுறியள், தூக்குங்கோ” என்று பெரியம்மா சொல்லுவார். சொல்லட்டும். முழங்கால் நோவால் தூக்க முடியாத அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையைக் கோயில் வீதியில் கொண்டு திரிய இந்த வண்டில்தான் வழி. வருசத்தில் ஒருமுறையோ அதுவுமில்லாமலோ கிடைக்கும் சந்தர்ப்பம் அது. கைப்பிடி ஒரே தண்டாக, நிலத்திலிருந்து 100 செ.மீ. அளவில் இருக்கட்டும். பிறேக் செருப்புக் காலால் அமத்தக்கூடியதாக, மேல்நோக்கித் தூக்கி எடுக்கத் தேவையில்லாததாக இருக்கவேண்டும். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கோ மயூரபதி அம்மன் கோயிலுக்கோ போனால் செருப்புக் கழற்றும் இடத்தில் வண்டிலையும் விடவேண்டி வரும், வெறுங்காலில் அந்தப் பிறேக்கை ஒருதரம் அமத்திப் பாருங்கள். அம்மம்மா கைப்பிடியில் பாரம் ஊன்றி நடக்கவும் விடாதீர்கள். முன்பக்கம் எழும்பிப் பிள்ளையோடு பின்னால் கவிழும். ஊன்றுகோல் தேவையென்றால் அதைத் தனியாக வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போகும் கிழமையில், “வண்டிலை விட்டிட்டுப் போங்கோ, தங்கச்சியின்ர பிள்ளைக்கு உதவும்” என்று ஒருவர் கேட்பார். முறைப்பாடு முடியாமலிருந்தால் கொடுக்காதீர்கள். விமான நிறுவனம் பொருளைப் பார்வையிடக் கேட்கலாம், உடைந்த பாகத்தைக்கூட எறியாதீர்கள். முறைப்பாடு எதுவும் இல்லையென்றால் கொடுங்கள், மனதாரக் கொடுங்கள், நாங்கள் அங்கே விட்டுவிட்டு வந்தவற்றோடு பார்த்தால் இது பெரிதல்ல. ஆனால் வெறுமனே கொடுக்காதீர்கள். இரண்டு முன்சில்லை உதிரியாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே அவை கிடைக்காது. சில்லுக் கழற்றும் சாவியைக் கூடையில் கட்டிவிடுங்கள், நிறை எல்லையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மடிக்கும்போது பிள்ளையின் விரல் நசியும் மூட்டு எதுவென்று காட்டுங்கள். ஐந்து பட்டியையும் பூட்டும் விதத்தைப் பிள்ளையின் தாய்க்கும், பகலில் பிள்ளையைப் பார்க்கிறவருக்கும், அவர்கள் கையாலேயே இரண்டுதரம் செய்வித்துவிட்டு வாருங்கள்.