கண்மாய்க் கரைக் கொட்டகைக்கு எல்.இ.டி. விளக்கு: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது

பங்குனி, சித்திரையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி, மடையை ஒட்டிய பள்ளத்தில் மீன் திரளத் தொடங்கியதும், மீன்பாசிக் குத்தகை (கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர்கள் கரைமேல் ஒரு கொட்டகை போட்டு இரவுக் காவலுக்கு இருப்பது காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் வழக்கம். நான்கு சவுக்குக் கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு கயிற்றுக் கட்டில் என்பதே பெரும்பாலும் அந்தக் கொட்டகை. இப்போது சிலர் மடித்து எடுத்துச் செல்லும் கூடாரமும் வாங்கிவிடுகிறார்கள். முன்பு அரிக்கேன் விளக்கோ பெட்ரோமாக்ஸோ தொங்கிய இடத்தில் இன்று எல்.இ.டி. தொங்குகிறது. ஆனால் கடையில் இருப்பதிலேயே வெளிச்சம் அதிகமானதை வாங்கி நடுக்கம்பில் கட்டிவிட்டு, அதனால் வரும் தொல்லைகளை இரவு முழுவதும் அனுபவிப்பவர்களே அதிகம். மின்பணி செய்பவன் என்ற முறையிலும், உறவினர் எடுத்த குத்தகைக்கு மூன்று பருவம் காவல் இருந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

இத்தகைய தற்காலிகக் கொட்டகைக்கான விளக்கைப் பற்றி விரிவாகப் பேசுகிறவர்கள், கனடாவிலும் அமெரிக்காவின் மினசோட்டா போன்ற பகுதிகளிலும் உறைந்த ஏரியின்மேல் கூடாரம் அடித்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள். 12 வோல்ட் பேட்டரி, சிறிய விளக்கு, சிக்கனமான மின்செலவு என்ற அளவில் அவர்களுடைய கணக்கு நமக்கும் பொருந்தும். ஆனால் அவர்களுக்குச் சிக்கல் குளிர்; நமக்கு வெயிலும் பூச்சியும். எனவே அவர்களுக்கு நல்லதாக இருக்கும் விளக்கு நமக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காவலுக்கு இருப்பவர் முதன்மையாகப் பார்க்க வேண்டியது கொட்டகையின் உட்புறத்தை அன்று. வெளியே இருட்டில் கிடக்கும் தண்ணீர்ப் பரப்பையும், மிகுதி நீர் வெளியேறும் கலிங்குப் பக்கத்தையும். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கலைக்க ஒரு வெள்ளை விளக்கை ஒரு நொடி பார்த்தால் போதும். பளீரென்ற விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்பவரை எதிர்க்கரையில் வலையோடு வருகிறவன் தெளிவாகப் பார்க்கிறான். இவருக்கோ கொட்டகை வாசலுக்கு அப்பால் எல்லாம் கறுப்புத் திரை. ஆகவே ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக, தனித்தனிச் சுவிட்ச் உள்ள மூன்று சிறிய விளக்குகளை வாங்குங்கள்: கொட்டகைக்குள் ஒன்று, வலை பிரிக்கவும் மீன் தரம் பிரிக்கவும் ஒன்று, இரவு முழுவதும் தரையை மட்டும் காட்டுவதற்கு ஒன்று.

விளக்கின் அளவை வாட்டில் கேட்பது நமக்குப் பழகிப்போனது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தை லூமன் என்ற அளவால்தான் அறிய முடியும். ஓரளவு நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 800 லூமன் என்பதால், அதற்கு ஈடாக 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. போதும். ஆனால் எட்டடிக்கு ஆறடிக் கொட்டகைக்குள் அதுவே மிகுதி. சாப்பிடவும், கணக்கு நோட்டு எழுதவும், படுக்கையை உதறிப் போடவும் 250 முதல் 300 லூமன், அதாவது 3 வாட் விளக்குப் போதுமானது. வேலை விளக்கு 10 வாட் இருக்கலாம். தரை விளக்கு ஒரு வாட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

நிறத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். விளக்கின் நிறம் கெல்வின் என்ற அளவில் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்: 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 அல்லது அதற்குக் கீழ் என்றால் மஞ்சள். பூச்சிகளின் கண் நீலத்தையும் புற ஊதாக் கதிரையும் நன்றாக உணரும் என்பதால், நீலம் மிகுந்த வெள்ளை விளக்கை அவை அதிகமாக மொய்க்கின்றன. மஞ்சள் விளக்குக்கு வருவது குறைவு. கோடை மழை பெய்த மறுநாள் மாலை ஈசல் கிளம்பும்போது 6500 கெல்வின் விளக்கின் கீழ் சோற்றுத் தட்டை வைத்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோற்றில் ஈசல் விழுவதோடு இது நிற்பதும் இல்லை. பூச்சியைத் தேடித் தேரை வரும். தேரையைத் தேடிப் பாம்பு வரும். இரவில் இரை தேடி அலையும் கட்டுவிரியன் தரையில் விரித்த பாய்வரை வரக்கூடியது என்பது நம் பக்கத்தில் அனைவருக்கும் தெரியும். ஆகவே உள்விளக்கும் தரை விளக்கும் 2200 முதல் 2700 கெல்வின் வரையிலான மஞ்சளாக இருக்கட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு விளக்கு கெடுக்காது என்று படித்துவிட்டுச் சிலர் நடமாட்டத்துக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். நம் செம்மண் தரையில், சிவப்பு வெளிச்சத்தில், கண்ணாடி விரியனின் பழுப்புப் புள்ளிகள் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். உட்கார்ந்து காவல் பார்க்கும்போது சிவப்போ மஞ்சளோ இருக்கட்டும். கரையில் கால் வைத்து நடப்பதானால் கையில் வெள்ளை டார்ச் இருக்க வேண்டும். நடந்து திரும்பிய பின் கண் மறுபடி இருட்டுக்குப் பழகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை விளக்குக்கு மட்டும் மஞ்சள் ஒத்துவராது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது இரத்தச் சிவப்பா, வெளுத்துப் பழுப்பேறியதா என்று சொல்ல வேண்டுமானால் நிறம் பிசகாமல் தெரிய வேண்டும். பெட்டியில் நிறத் திறன் எண் என்றோ சி.ஆர்.ஐ. என்றோ ஓர் எண் இருக்கும். அது 80-க்கு மேல் இருப்பதையும், நிறம் 4000 கெல்வினை ஒட்டி இருப்பதையும் வாங்குங்கள். தங்கூசி எனும் மெல்லிய நைலான் நரம்பு வலையில் சிக்கிய கெண்டையைப் பிரிக்கும்போது விளக்கைத் தலைக்கு மேலே கட்டினால், நேரே விழும் வெளிச்சத்தில் அந்த நரம்பு கண்ணுக்கே படாது. கைதான் அதைத் தேட வேண்டும். அதே விளக்கை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் இரண்டு முழத் தூரத்தில் வைத்தால் ஒவ்வொரு கண்ணியும் வெள்ளிக் கம்பிபோல் மின்னும். இதற்காகவே வேலை விளக்கைக் கொக்கியில் மாட்டவும், கவ்வியால் கம்பில் கடிக்க வைக்கவும் கூடியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்விளக்கு மூன்றே வாட் என்றால் போதாது என்று நினைப்பவர்கள் முதலில் தார்ப்பாயைப் பார்க்க வேண்டும். நீலத் தார்ப்பாய் வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, மிச்சத்துக்கும் நீலச் சாயம் ஏற்றிவிடும். தார்ப்பாய்க்கு ஒரு சாண் கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, விளக்கு அந்த வேட்டியை நோக்கி மேலே பார்க்கும்படி வைத்தால், கண்ணில் குத்தாத வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். நம் வீடுகளில் வளவு எனும் நடுமுற்றம் வழியாக இறங்கும் வெயில், வெள்ளைச் சுவரில் பட்டுச் சுற்றிலும் உள்ள அறைகளுக்குப் போகும் அதே ஏற்பாடுதான் இது. விளக்கு வேட்டியிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்க வேண்டும், எல்.இ.டி.யின் முகம் அவ்வளவாகச் சுடாவிட்டாலும் முதுகுப்புற உலோகம் நன்றாகவே சுடும்.

வெளியே தெரியும் தரை விளக்குக்கு மேல்மூடி கட்டாயம். கண்மாய்களில் இராத் தங்கும் பறவைகளை நினைத்தும் இதைச் சொல்கிறேன். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். தண்ணீர்மேல் வெளிச்சம் அடித்து மீனை ஓரிடத்தில் கூட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடலில் எல்.இ.டி. விளக்கைக் கொண்டு மீன் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017-ஆம் ஆண்டில் தடை செய்தது. கண்மாய்க்கு அந்த ஆணை இல்லையென்றாலும், காவல் கொட்டகை விளக்குக்கு அந்த வேலையைத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதல் நாள் இரவே எல்லா விளக்கையும் ஏற்றிவிட்டுக் கரைமேல் ஐம்பது அடி நடந்து திரும்பிப் பாருங்கள். விளக்கின் வெளிச்சம் தரையில் தெரியலாம், விளக்கின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூடியை இன்னும் கீழே இறக்குங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, வீட்டு பல்பை இன்வெர்ட்டர் வைத்து எரிப்பது வீண். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, பல்புக்குள் மறுபடியும் இறக்குவதில் பேட்டரியின் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். நேரடியாக 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் எரியும் விளக்கை வாங்குங்கள். அதிலும் ‘9 முதல் 30 வோல்ட்’ என்று வீச்சுக் குறித்திருப்பவற்றுக்குள் சீராக்கும் சுற்று இருப்பதால், பேட்டரி இறங்கினாலும் வெளிச்சம் மாறாது. சுருளாக விற்கும் ஒட்டு விளக்கு விலை குறைவுதான். ஆனால் அதில் வெறும் மின்தடைகள் மட்டுமே இருப்பதால் விடியற்காலையில் மங்கிவிடும், பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போது அளவுக்கு மீறி எரிந்து சூடாகும். அடர்த்தியான வகை மீட்டருக்கு 14 வாட் வரை இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓர் இரவுக்கான கணக்கை இப்படிப் போடலாம். உள்விளக்கு 3 வாட், நான்கு மணி நேரம்: 12 வாட்-மணி. வேலை விளக்கு 10 வாட், ஒன்றரை மணி நேரம்: 15. தரை விளக்கு ஒரு வாட், பத்து மணி நேரம்: 10. விளக்குகள் மூன்றும் சேர்ந்து 37. இதோடு ஒரு கைபேசிக்கு முழுச் சார்ஜ் ஏற்றினால் ஏறத்தாழ 25 சேர்ந்து மொத்தம் 62 ஆகிறது. வேலை விளக்கைவிடக் கைபேசி அதிகம் தின்பதைப் பார்த்து நானே முதலில் நம்பவில்லை.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 42 மட்டுமே. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடுவரை எடுக்கலாம், 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 120 வாட்-மணி கிடைக்கும், அதாவது இரண்டு இரவு. விலை கூடுதல்தான், எடை குறைவு. உறைபனிக்குக் கீழே இந்த வகைக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது ஏரிப் பனியில் மீன் பிடிப்பவர்களின் கவலை. நமக்கு எதிர்ப்பக்கத்துக் கவலை: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சித்திரை வெயிலில் தார்ப்பாயின் கீழே வைப்பது அடுப்பங்கரையில் வைப்பதற்குச் சமம். ஒரு மரப்பெட்டியில் காற்றோட்டத்துக்குத் துளையிட்டு, வேப்பமர நிழலில், செங்கல்மேல் வைத்தாலே போதும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து, 1953-இல் திறக்கப்பட்ட ‘சிக்ரி’ என்னும் மின்வேதியியல் ஆய்வு நிலையம் உள்ள ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரைச் சுற்றியுள்ளவர்களே பேட்டரியை வெயிலில் போட்டு வைப்பதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பகலில் ஏற்றிக்கொள்ள 40 வாட் சோலார் தகடு போதும். கோடையில் முழு வெயில் என்று கணக்கிடத்தக்க நேரம் நான்கரை மணி என்று வைத்து, இழப்புக்கு முப்பது விழுக்காடு கழித்தாலும் 125 வாட்-மணி வரும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே வரும் சார்ஜ் கட்டுப்படுத்தி உங்கள் பேட்டரி வகைக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். ஈய-அமிலத்துக்கு அமைத்ததை லித்தியத்துக்குப் போட்டுக் கெடுத்தவர்கள் என்னிடமே பழுதுபார்க்க வந்திருக்கிறார்கள்.

முதல் பருவத்தில் நான் வாங்கிய ஒட்டு விளக்கின் பெட்டியில் ‘நீர் புகாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எண் எதுவும் இல்லை. ஒரே கோடை மழையில் பாதி நீளம் அணைந்தது. பிரித்துப் பார்த்தபோது ஒட்டிய முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஐ.பி. 65 என்று எண் இருந்தால் தூசு புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும், ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். கொட்டகைக்கு 65 போதும். தண்ணீர் விளிம்புக்கு எடுத்துச் செல்லும் வேலை விளக்குக்கு மட்டும் 67 பாருங்கள். விளக்கைவிட இணைப்புகளே முதலில் கெடும். இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். சூடுகாட்டினால் சுருங்கும் குழாயைப் போடுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். காய்ந்த கோரையும் தார்ப்பாயும் உள்ள இடத்தில் இதை விட்டுவிடக் கூடாது. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருந்தால் ஐந்து மீட்டர் தூரத்துக்கு மின்னழுத்த இழப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும்.

வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டு மல்ட்டிமீட்டரால் ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் 10 வாட் விளக்கு 0.8 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். ‘50 வாட்’ என்று ஒட்டியிருந்த ஒரு விளக்கு 0.5 ஆம்பியரே இழுத்ததை, அதாவது 6 வாட்டே எரிந்ததை, ஒருமுறை கடைக்காரரும் நானும் சேர்ந்தே பார்த்தோம். அவரும் ஏமாந்துதான் வாங்கியிருந்தார்.

கடைசி வலை ஏறிக் கொட்டகையைப் பிரிக்கும்போது, விளக்குகளின் மீன்செதிலையும் சேற்றையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒயரை முறுக்காமல் வட்டமாகச் சுற்றி வையுங்கள். ஈய-அமிலப் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில், எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, வீட்டில் வெயில் படாத அறையில் தரையோரமாக வைத்தால், அடுத்த தை வரை அதைத் தொட வேண்டியதில்லை.